போர் போட்ட இடம்

ஆடிக் காற்று புத்தூரில் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் அடுத்த தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அடைக்கலராஜ் ஒரு சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த முடிவை எடுத்தார். எடுத்த கையோடு அடுக்களை வாசலில் போய் நின்று அறிவித்தார்.

"ரோசரி, நாளையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் சைக்கிள்ல கிளம்பப்போறேன்."

"எங்க?"

"யுத்தம் நடந்த இடத்துக்கெல்லாம்."

ரோசரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எந்த யுத்தம்?"

"பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் நடந்ததே, அது. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அவன் ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டான், இவன் மலைக்கோட்டையில உக்காந்துக்கிட்டான். நடுவுல காவேரி. நம்ம ஊரைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் போர்க்களம்தான். நாமதான் கண்ணைத் திறந்து பார்க்கிறதில்ல."

"உங்களுக்கு இப்பத்தான் திறந்துச்சாக்கும்?"

"உடம்புக்கும் நல்லதுல்ல? வயிறு குறையும்."

ரோசரி அந்த வயிற்றை ஒரு தடவை பார்த்தாள். "காலைப் பூசை முடிச்சிட்டுப் போங்க" என்றாள். மறுபடி வெங்காயம்.

அடைக்கலராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய எதிர்ப்பை எதிர்பார்த்து, அதற்குப் பதிலெல்லாம் ஆபீஸிலேயே தயார் செய்து வைத்திருந்தார். எதிரி இப்படிக் கோட்டையைத் திறந்துவிட்டு வெங்காயம் நறுக்கினால் எந்தத் தளபதிதான் என்ன செய்வான்?

அவருடைய நிஜமான கஷ்டம் வேறு. அடைக்கலராஜ் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். வாரத்தில் ஆறு நாள் மானேஜர் பேசுவதைக் கேட்பார். ஏழாவது நாள் குடும்பத்தோடு திருவெறும்பூருக்குப் போய் மச்சான் விக்டர் பேசுவதைக் கேட்பார். விக்டருக்குத் தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் வேலை. சோற்றில் சாம்பார் ஊற்றும்போது பாய்லரைப் பற்றி ஆரம்பித்தாரென்றால் மூன்றாவது தடவை காப்பி வரும்வரை ஆவி பறக்கும். மூடி போட யாராலும் முடியாது.

இதற்கு மாற்று மருந்து கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் இருந்தது. டோல்கேட்டைத் தாண்டி, ஆலங்கரைக்குப் பிரியும் ரோட்டில், கூடப் படித்த தாஜுதீனுக்கு ஒரு மாந்தோப்பு. பம்ப்செட்டில் குளியல். கயிற்றுக் கட்டிலில் தூக்கம். இரண்டுக்கும் நடுவில் தாஜுதீன் மனைவி ஷரபுன்னிசா கையால் மட்டன் பிரியாணி. பிரியாணிக்கு முன்னும் பின்னும் சீட்டாட்டம். காசு வைத்தல்ல, தோற்றவர் கிணற்றடியில் எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும். அடைக்கலராஜ் நன்றாகத் தட்டுக் கழுவுவார்.

முதல் ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பியபோது ரோசரி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, யுத்தம் எப்படி?"

"ஆகா!" என்றார் அடைக்கலராஜ். "பிரெஞ்சுத் தளபதி குதிரையைக் கட்டின மரத்தைப் பார்த்தேன். மாமரம்."

"குதிரை?"

"அது செத்து இருநூறு வருஷம் ஆச்சே ரோசரி."

"அதுவும் சரிதான். வழியெல்லாம் எப்படி? வெயில்ல ரொம்பச் சிரமமா?"

இங்கேதான் அடைக்கலராஜ் தவறு செய்தார். சிரமம் என்று சொன்னால் அடுத்த வாரம் போக வேண்டாம் என்பாளோ என்று பயம். அதனால் ரோட்டை வானளாவப் புகழ்ந்தார். "சிரமமா? ரெண்டு பக்கமும் மரம். கூடாரம் போட்ட மாதிரி நிழல். லாரி கிடையாது, பஸ் கிடையாது. சைக்கிள் தானாப் போகும், நாம சும்மா மேல உக்காந்திருந்தாப் போதும்."

அடுத்த வாரம் வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்தார். அது தாஜுதீனின் மோட்டார் ஷெட். தோப்பில் எல்லாருக்கும் அவர் வீட்டில் சொல்லும் கதை தெரியும். ஷெட்டுக்கு அந்தப் பெயரை வைத்ததே தாஜுதீன்தான். அதற்கும் அடுத்த வாரம் பீரங்கி மேடு. அது பிரியாணி அண்டா வைக்கும் இடம்.

"குண்டு ஏதாச்சும் கிடக்குதா அங்க?" என்றாள் ரோசரி.

"ஒண்ணுகூட இல்ல."

"இப்பக் கண்ணுக்கு ஒரு குண்டு தெரியுது. சட்டைக்குள்ள" என்றாள். "அது இருக்கட்டும். அந்த ரோடு எங்க போய் முடியுது?"

"ஆலங்கரையில" என்றார். பிரியும் இடத்துக் கைகாட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. தோப்பைத் தாண்டி அவர் ஒரு மிதி மிதித்ததில்லை.

"ஆலங்கரை வரைக்கும் போனீங்களா?"

"போகாம? தங்கமான ஜனங்க. ஒரு வாய் தண்ணி கேட்டா மோர் குடுக்கிறாங்க."

"நாய்?"

"இருக்கு. குரைக்கத் தெரியாத நாய்."

"பொம்பளைங்க தனியாப் போய் வரலாமா?"

"எட்டு வயசுப் பொண்ணு போகலாம். நம்ம டோரதியவே தனியா அனுப்பலாம்" என்றார் அடைக்கலராஜ். மூன்றாங்கிளாஸ் படிக்கும் டோரதி ஸ்லேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நான் போகமாட்டேன்" என்றாள். அந்த வீட்டில் முன்யோசனை உள்ள ஒரே ஆள் அவள்தான்.

ரோசரி சிரித்துவிட்டு உள்ளே போனாள். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் அடைக்கலராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

புரட்டாசி பிறந்து ஒரு சனிக்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. கேட்காமலே இரண்டாவது துண்டும் தட்டில் விழுந்தது. அப்போதாவது அவர் உஷாராகியிருக்கலாம்.

"என்னங்க, கான்வென்ட் மதர் ஒரு சங்கதி சொன்னாங்க. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் இடம் காலியா இருக்காம். அஞ்சாங்கிளாஸுக்கு. திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க."

ரோசரி கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். இதற்கு முன்னால் இரண்டு தடவை இடம் வந்தது. ஒன்று பச்சைமலையில், பஸ் கிடையாது என்றார் அடைக்கலராஜ். இன்னொன்றுக்குப் பஸ் உண்டு. கூட்டம் நெரியும் என்றார். அவர் கெட்டவரல்ல. வீட்டுக்கு வந்ததும் சூடாகக் காப்பி வேண்டும், அவ்வளவுதான். காப்பிக்கும் வேலைக்கும் ஏழாம் பொருத்தம் என்று அவருக்குப்பட்டது.

"அடடா, நல்ல இடம்தான்" என்று அனுதாபமாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஆனா கிராமத்து ரோடெல்லாம் உனக்குத் தெரியாது ரோசரி. குண்டும் குழியும். நிழலுக்கு ஒரு குச்சி இருக்காது. ஆள் நடமாட்டம் கிடையாது. நாய் வேற. எந்த ஊரு?"

"ஆலங்கரை" என்றாள் ரோசரி.

மீன் முள் ஒன்று அடைக்கலராஜின் தொண்டையில் வழி தெரியாமல் நின்றது.

"சோத்தை உருட்டி முழுங்குங்க" என்றாள் ரோசரி. "ஊரைச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நம்ம வீட்டுக்காரர் வாராவாரம் போய்ட்டு வர்ற ரோடு, டோரதியவே தனியா அனுப்பலாம்பார், அவர் வேணாம்னா சொல்லப்போறார்னு மதர்கிட்ட சொல்லிட்டேன். டவுன் பஸ்ல டோல்கேட் வரைக்கும் போயிடுவேன். அங்கேர்ந்து சைக்கிள்."

"உனக்குச் சைக்கிள் தெரியுமா?"

"டிரெயினிங் ஸ்கூல்ல படிக்கிறப்பவே ஓட்டுவேன். நீங்க கேட்டதில்ல." குழம்புச் சட்டியை மூடினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சாக்பீஸ் புடிச்சுப் பத்து வருஷம் ஆச்சுங்க. டோரதிக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறப்ப மட்டும்தான் நான் படிச்சதே ஞாபகத்துக்கு வருது."

அடைக்கலராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். ரோடு மோசம் என்றால் போர்க்களம் பொய்யாகும். போர்க்களம் பொய்யென்றால் பிரியாணி வெளியே வரும். ரோடு நல்லது என்றால் காப்பி போய்விடும். படுத்து வெகுநேரம் புரண்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பக்கம் செத்துப்போன பிரெஞ்சுக்காரனுங்க நடமாட்டம் இருக்குன்னு பேசிக்கிறாங்க."

"பகல்லயா?"

"பகல்லதான். அவனுங்க வேலை நேரம் பகல்தானே."

"அப்ப நாளைக்கு நீங்களும் வாங்க. எனக்கு ரோட்டைக் காட்டின மாதிரியும் ஆச்சு, அவங்களுக்கு என்னைக் காட்டின மாதிரியும் ஆச்சு."

மறுநாள் பூசை முடிந்து, டோரதியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரோசரியைக் கேரியரில் வைத்து அடைக்கலராஜ் மிதித்தார். காவேரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடப் பாலம். பாலத்தில் எதிர்க்காற்று ஆளைப் பின்னால் தள்ளியது. மூச்சு வாங்கியது. கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டார். இன்றைக்கு மட்டும் தாஜுதீன் வாசலில் நிற்கக் கூடாது.

தாஜுதீன் வாசலில்தான் நின்றார். கையில் சீட்டுக்கட்டு.

"வாய்யா அடைக்கலம்! ஏன் இவ்வளவு..." என்று ஆரம்பித்தவர் கேரியரிலிருந்து ரோசரி இறங்குவதைப் பார்த்ததும் சீட்டுக்கட்டை லுங்கி மடிப்பில் செருகினார். "...இவ்வளவு நேரம் உங்களுக்காகத்தான் சரித்திரம் காத்துக்கிட்டிருக்கு."

"ரோசரி, இவர்தான் தாஜுதீன். பெரிய ஆராய்ச்சிக்காரர்" என்றார் அடைக்கலராஜ்.

"ஜவுளிக்கடை வச்சிருக்கார்னு சொல்வீங்களே?"

"வாரநாள்ல ஜவுளி. ஞாயித்துக்கிழமை ஆராய்ச்சி."

ரோசரி பணிவாகக் கேட்டாள். "அண்ணே, போர் எந்த இடத்துல?"

தாஜுதீனுக்கு வியர்த்தது. கேட்டது தெரிந்த கேள்வியாக இருந்ததில் முகம் மலர்ந்தது. "போரா? இங்கதாம்மா. தோ, அந்த மாமரத்துக்கு வடக்கால."

"எந்த வருஷம்?"

"எழுபத்தொண்ணுல."

"ரொம்ப நாள் நடந்துச்சோ?"

"மூணே நாள். ராத்திரி பகலா அடிச்சாங்க."

"ஐயோ பாவம். எத்தனை பேர் செத்தாங்க?"

"சேச்சே, யாரும் சாகலம்மா. ஒருத்தன் கால்ல மட்டும் பைப் விழுந்துச்சு. அறுபது அடியில தண்ணி பீய்ச்சிக்கிட்டு வந்துடுச்சு, அல்லா புண்ணியத்துல."

அடைக்கலராஜ் பலமாக இருமினார். தாஜுதீன் அவரைப் பார்த்தார். அவர் காட்டிய கண்ஜாடையைப் பார்த்தார். "ஓ..." என்றார். "அந்தப் போரா?"

"வெடிமருந்துக் கிடங்கையும் பார்த்துடறேனே" என்று ரோசரி நேராக மோட்டார் ஷெட்டுக்கு நடந்தாள். வழி கேட்காமல் நடந்தாள். அதைக் கவனித்த அடைக்கலராஜ் பின்னாலேயே ஓடினார்.

ஷெட் கதவு உள்ளிருந்தே திறந்தது. ஷரபுன்னிசா ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணமாகிப் போன மகள் வஹீதாவின் சைக்கிள். துடைத்து எண்ணெய் போட்டு மினுமினுத்தது.

"வா ரோசரி. காத்து அடிச்சு வச்சிருக்கேன். பிரேக்கையும் பார்த்துட்டேன்."

"சரிங்கக்கா" என்றாள் ரோசரி.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாஜுதீன்தான் முதலில் கேட்டார். "உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்?"

ரோசரிதான் சொன்னாள். "முதல் வாரம் போர்க்களத்துலேர்ந்து வந்தவர் சட்டையில பட்டையும் கிராம்பும் மணந்துச்சு. ரெண்டாவது வாரமும் அதே மணம். புதன்கிழமை டோல்கேட்ல பஸ்ஸை விட்டு இறங்கி, புத்தூர்லேர்ந்து ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல ஒருத்தர் வருவாரேன்னு கேட்டேன். சீட்டாட வர்றவரான்னு கேட்டு, கையைப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டுட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று தாஜுதீன் மனைவியிடம் பரிதாபமாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சரித்திரம் பார்த்தீங்க" என்றார் ஷரபுன்னிசா. "புதன்கிழமை நாங்க பூகோளம் பார்த்தோம்."

ரோசரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஏறி, மிதித்தாள். "வாங்க, ஆலங்கரை போய்ட்டு வந்துடுவோம்" என்று திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

அடைக்கலராஜுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ரோடு மோசமாக இருக்க வேண்டும். இரண்டு மைலில் இவளே அலுத்துத் திரும்ப வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே வளைவைத் தாண்டினார். தாண்டியதும் இரண்டு பக்கமும் புங்கமரம். கூடாரம் போட்ட மாதிரி நிழல். இடது பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், வலது பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் நாற்றுப் பச்சை. லாரி இல்லை. பஸ் இல்லை. காற்று இப்போது முதுகில் அடித்தது. சைக்கிள் தானாகப் போயிற்று.

"நீங்க சொன்ன மாதிரியே இருக்குங்க!" என்றாள் ரோசரி முன்னாலிருந்து.

தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இவ்வளவு அச்சாகப் பலித்தது வேறெதுவும் இல்லை என்று அடைக்கலராஜுக்குத் தோன்றியது. மனம் உடைந்து மிதித்தார். ஒரு மதகடியில் நாய் படுத்திருந்தது. 'எழுந்திரு, கடி' என்று உள்ளுக்குள் கெஞ்சினார். நாய் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. மூடிக்கொண்டது. ஊர் முகப்பில் மயிலம்மாள் என்று ஒரு அம்மாள் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். "டீச்சரம்மா, வெயில்ல வர்றீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று செம்பை நீட்டினார். அடைக்கலராஜுக்கும் கொடுத்தார். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்ட அருமையான மோர். அவரால் ரசிக்க முடியவில்லை. டீச்சரம்மாவாமே!

பள்ளிக்கூடம் மாதா கோயிலை ஒட்டி இருந்தது. ஹெட்மாஸ்டர் அற்புதசாமி ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து கைகூப்பினார்.

"வாங்க சார், வாங்க. போன தடவையே டீச்சர் எல்லாம் சொன்னாங்க. வேலைக்கு வரத் தயங்கினாங்களாம். நீங்கதான் ரோட்டைப் பத்தி வாராவாரம் எடுத்துச் சொல்லித் தைரியம் குடுத்தீங்களாமே. இந்தக் காலத்துல இப்படி ஒரு வீட்டுக்காரர் அமையறது அபூர்வம் சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அடைக்கலராஜ். இவ்வளவு நாளில் அவர் பேசிய முதல் உண்மை அது.

ரோசரி அங்கே இல்லை. பள்ளிச் சுவரில் பதித்திருந்த ஒரு கல்லின் முன்னால் நின்றிருந்தாள். வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து பாதி மூடியிருந்தது. விரலால் தடவித் தடவி வாசித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் தொடங்கிய மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து பதினேழு பேர் போனார்கள். அவர்களில் மூன்று பேர் உயிர் நீத்தார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. பெயர்கூட இல்லை.

அடைக்கலராஜ் பக்கத்தில் போய் நின்றார். கல்லுக்கு நேர் கீழே யாரோ ஒரு பிள்ளை கரிக்கட்டியால் வாத்து வரைந்திருந்தது. இந்த வாய்க்காலையும் புங்கமரத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறி, பேர் தெரியாத நாட்டில் போய்ச் சாவது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தார். 

"இதைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே?" என்றாள் ரோசரி.

"நான் இங்க வந்ததே இல்ல ரோசரி."

"தெரியும்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "என் பிள்ளைங்களுக்கு முதல் பாடமா இதைத்தான் சொல்லிக் குடுக்கப்போறேன். வெள்ளையைச் சுரண்டி எழுத்தெல்லாம் தெரியற மாதிரி செய்யணும்."

என் பிள்ளைகள் என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் காப்பியைத் தானே போட்டுக்கொண்டால் என்ன என்று அடைக்கலராஜுக்கே தோன்றியது. ஆனால் அதை உடனே சொல்லிவிடுவது அவ்வளவு நல்லதல்ல என்றும் தோன்றியது. "போய்ட்டு வா, பார்ப்போம்" என்றார் பெருந்தன்மையாக.

"நாளைக்கு எட்டு மணி பஸ்" என்றாள் ரோசரி. "டோரதிக்கு நீங்கதான் தலை பின்னிவிடணும்."

திரும்பக் கிளம்பும்போது அவர் சைக்கிளின் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கருவேல முள். ஆலங்கரையில் எல்லாம் இருந்தது, பஞ்சர் கடை மட்டும் இல்லை. "விட்டுட்டுப் போங்க சார், நாளைக்கு ஆள் வச்சு ஒட்டி வைக்கிறேன்" என்றார் அற்புதசாமி.

"ஏறுங்க" என்றாள் ரோசரி, கேரியரைத் தட்டி.

"நான் மிதிக்கிறேன். நீ பின்னாடி உக்காரு."

"இது லேடீஸ் சைக்கிள்ங்க. உங்க முழங்கால் ஹேண்டில்பார்ல இடிக்கும்."

இடித்தது. இரண்டு தடவை முயன்று பார்த்து, இரண்டு தடவையும் வாய்க்கால் பக்கம் சாய்ந்த பிறகு, அடைக்கலராஜ் கேரியரில் ஏறினார். கால் தரையில் தேய்ந்ததால் பெண்கள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார வேண்டியிருந்தது. மயிலம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தோப்பு வந்தபோது அடைக்கலராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. தாஜுதீன் கிணற்றடியில் குனிந்து பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஷரபுன்னிசா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"அக்கா, நாளைக்குப் பஸ் வேணாம், இதுலயே பள்ளிக்கூடம் போய்ட்டு, சாயங்காலம் சைக்கிளை இங்க விட்டுடறேன்!" என்று ரோசரி போகிறபோக்கிலேயே கத்தினாள்.

கொள்ளிடப் பாலத்தின் ஸ்ரீரங்கத்துப் பக்கத்தில் கான்ஸ்டபிள் வீரமலை நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸ் வருகிறவர்களைப் பிடிப்பது அவருக்குப் பிடித்தமான வேலை. கையை நீட்டி மறித்தார்.

"ஏம்மா, டபுள்ஸ் போகக்கூடாதுன்னு தெரியாது? யாரு பின்னாடி, தங்கச்சியா?"

கிட்டே வந்து பார்த்தார். தொப்பியைத் தூக்கி மறுபடி பார்த்தார். அவருடைய பாலிசி அடைக்கலராஜின் ஆபீஸில்தான் இருந்தது.

"அட, இன்ஷூரன்ஸ் சாரு! என்ன சார் இது கோலம்? எங்கயாச்சும் விழுந்து கிழுந்து அடிபட்டுட்டீங்களா?"

அடைக்கலராஜ் வாயைத் திறப்பதற்குள் ரோசரி முந்திக்கொண்டாள்.

"அடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு இந்த ரோடு புதுசு. வழி காட்டிக்கிட்டு வர்றாரு."